ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை

சனிக்கிழமை, காலை பத்தரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு தலைவலி காய்ச்சல்கூட இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றதை ஆரம்பிக்கலாம் என்று பேனாவைத் திறந்து அரை மணி நேரம் ஆகிறது, அந்த ஒரு வரி வரமாட்டேன் என்கிறது, விட்டுவிட்டேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறேன், வாய்க் கோணல் போயே போய்விட்டது, பேச்சும் பழையபடி வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான், அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் நான் ஒரு காரியம் பண்ணிவிட்டேன் பாப்பா, அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். தினமும் வீடியோவில் முகம் காட்டுகிற மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் உனக்கு ஒரு செய்தி அனுப்பினால்கூட அதை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு முற்றுப்புள்ளி வெச்சா உங்க விரல் தேஞ்சா போயிடும் என்று கேட்கிறவள். அதனால் சமையலறையில் உட்கார்ந்து காய்கறிப் பட்டியல் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கீழே நகல் எடுக்கிற கடைக்காரர் இதை ஸ்கேன் பண்ணி உன் மின்னஞ்சலுக்கு அனுப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் இன்று இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினால் திங்கட்கிழமைதான் திறப்பாராம். என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் நீ அனுப்பிய குடைமிளகாய். அம்மா பேர் வைத்த நாலு செடியில் பெரியவள் செத்துவிட்டாள். நோஞ்சானும் வாயாடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். குண்டு மட்டும் இன்னும் நிற்கிறாள், அதுவும் காலையில் நிமிர்ந்து மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறாள். வீடியோவில் நீ கேட்கும்போதெல்லாம் நான் போனைத் திருப்பிப் பழைய காய்களின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன், அதை நீ கவனித்தாயோ இல்லையோ. மண்ணில் வைத்த செடி தண்ணீர் இல்லாமல் வாடும், அது யாருக்கும் புரியும், இதுகள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டே வாடுகின்றன. ஒரு செடிக்கு இவ்வளவு பாடா என்று உன் மாமா வந்தபோது சிரித்தான். மண்ணே இல்லாம வளக்குறதுக்கு அது என்ன செடியா இல்ல மீனா என்று வேறு கேட்டான். அவனுக்கு என்ன தெரியும், அவன் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவன். உனக்குத் தெரியும் அது செடி மட்டும் இல்லை என்று, தெரிந்துதானே அனுப்பினாய்.

அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்ததே, அது எப்படிப்பட்ட கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருபத்தாறு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த கை, ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டால் ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கலாம். அந்தக் கையில் பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்குங்கம்மா என்றால் அம்மா சும்மா இருப்பாளா. நான் என்ன கைக்குழந்தையா என்று பந்தைத் தூக்கிப் போட்டாள், அதுவும் இடது கையால். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உன் பெட்டி வந்தது. தொட்டி, நாலு ஓட்டை வைத்த மூடி, வலைக்கிண்ணம், களிமண் உருண்டை, ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு உரப் புட்டி, குமிழி விடுகிற சின்ன மோட்டார், விளக்கு, கூடவே நீ கைப்பட எழுதிய நாலு பக்கம், புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என்று தலைப்புப் போட்டு. அம்மா அதைப் படித்துவிட்டு, இவ எழுத்து இன்னும் மலையேறிக்கிட்டுதான் போகுது என்றாள், ஆனால் படித்தாள். பஞ்சுத் துண்டில் விதையை வைக்க விரலால் எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை, விதை எங்கேயோ போய் விழுந்தது, நான் தரையில் படுத்துத் தேடினேன். பன்னிரண்டாம் நாள் முளைத்தது. அன்றைக்கு அந்த விரல் கொஞ்சம் அசைந்தது பாப்பா, நான் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு படியும் உனக்குத் தெரியும், சொட்டு மருந்துக் குழாயை அமுக்கி உரத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டது, பி.எச். பார்க்கிற குப்பியில் நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது, முதல் பூவையெல்லாம் கிள்ளிவிடணும் அப்போதான் செடி தேறும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு பூவைக் கிள்ள முக்கால் மணி நேரம் போராடியது. நான் கிள்ளட்டுமா என்று கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் மறுபடி பூத்தபோது பழைய வரைபடத் தூரிகையை எடுத்துப் பூவுக்குப் பூ தடவி மகரந்தம் சேர்த்தாள். முதல் குடைமிளகாயை அந்தக் கையாலேயே கத்தரித்து, தட்டில் வைத்து, போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாளே, நீ அழுதாயே, அதெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது. இப்போது அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்திருக்கிறாள். வெளியே எடுப்பதில்லை. சாப்பாடு, தலை வாருவது, எல்லாம் இடது கை. வீடியோவில் நீ அவளை இடுப்புக்கு மேலேதான் பார்க்கிறாய், அதனால் உனக்குத் தெரியாது.

இனி நான் பண்ணியதைச் சொல்கிறேன். வெயில் ஏற ஆரம்பித்தது ஏழு வாரத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம் அந்தக் குமிழி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பார்த்தவன் நான், சூடான மோட்டாரைத் தொட்டால் எனக்கு உடம்பே பதறும். நான் வேலை பார்த்த கட்டிடங்களில் எல்லாம் ஒரு லிஃப்டை மத்தியானம் ஒரு மணிக்கு நிறுத்தி நாலு மணிக்குத்தான் போடுவேன், ஓய்வில்லாமல் ஓடுகிற மோட்டார் ஒருநாள் கருகித்தான் தீரும் என்று மேலதிகாரியிடமே சண்டை போட்டிருக்கிறேன், என் கையில் ஒரு மோட்டார்கூட எரிந்ததில்லை, அது என் கர்வம். தவிர அந்த ர்ர்ர் என்கிற சத்தம் இல்லாவிட்டால் அம்மா மத்தியானம் கொஞ்சம் கண்ணயருவாள் என்றும் நினைத்தேன். அதனால் தினமும் ஒரு மணிக்கு அதை நிறுத்தினேன், நாலு மணிக்குப் போட்டேன். சில நாள் நானும் அசந்துவிட்டால் ஐந்து, ஆறு ஆகும். இரண்டாம் பக்கத்திலேயே நீ சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய், மோட்டாரை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது, அதுதான் வேருக்கு மூச்சு என்று. நான் படித்தேன். படித்துவிட்டு, பாப்பாவுக்குக் கணக்குத் தெரியும், மோட்டார் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அட, இந்த வயசில் இந்தத் திமிர்! இருக்கிறதிலேயே வெயில் கடுமையான மூன்று மணி நேரம், சூடான தண்ணீரில், காற்றே இல்லாமல் அந்த வேர்களை மூச்சுமுட்ட வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு நாள் தவறாமல், நேரம் பார்த்து.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெரியவள் வாடியபோது அம்மா குளிக்கிற நேரம் பார்த்து மூடியைத் தூக்கினேன். வெள்ளை வெளேர் என்று தாடி மாதிரித் தொங்கிய வேரெல்லாம் பழுப்பாகி, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம். என்ன பண்ணுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன். அம்மா வந்து செடியைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் சொட்டை ஜாஸ்தியா விட்டுட்டேனோ, போன தடவை கை நடுங்குச்சு, எண்ணிக்கை விட்டுப்போச்சு, உப்பு ஏறிதான் வேர் வெந்துபோச்சோ என்று கேட்டாள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இருக்கலாம் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன் பாப்பா. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சொட்டுக் குழாயை நீட்டினேன், இந்தக் கை தொட்டது எதுவும் விளங்காது, கொண்டுபோங்க என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து மோட்டாரை நிறுத்துவதில்லை, ஆனால் வேர் கெட்டது கெட்டதுதான். அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன். நீ நாளைக்குப் பேசும்போது, நீ வாங்கி அனுப்பிய உரப் புட்டியே கெட்டுப்போனது, அதே புட்டியை வாங்கிய எல்லாருடைய செடியும் இப்படித்தான் போனது, கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டது என்று ஒரு பொய் சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவாள். அவள் கை மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டால் மறுபடி விதை போடலாம். பொய் சொல்லாதே என்று உன்னை அடித்து வளர்த்தவன் இதைக் கேட்கிறேன், எனக்கே நாக்கூசுகிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. நீங்களே உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே, ஒரு மோட்டாரை நிறுத்தியதற்கு அம்மா உங்களைக் கடித்தா தின்னுவாள் என்று நீ கேட்பாய். அதற்கும் பதில் எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை.

அம்மாவுக்கு அந்தக் காலையில் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. கை மரத்துப்போச்சு என்றாள், முகமும் ஒரு மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ராத்திரி ஒழுங்கா தூங்கல இல்ல, கொஞ்சம் படுத்துக்கோ, ஓய்வெடுத்தா சரியாயிடும் என்றேன். கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், சத்தம் கேட்கக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து மேசை விசிறியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட எழுப்பப் போனபோதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், சீக்கிரம் வந்திருந்தா கை இவ்வளவு போயிருக்காது என்றார். உன்னிடமும் உன் மாமாவிடமும் ஸ்பூன் விழுந்த உடனே கூட்டிக்கொண்டு ஓடினேன் என்று சொன்னேன். நீகூட, நல்லவேளை நீங்க பக்கத்துல இருந்தீங்கப்பா என்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. அம்மா அப்போது படுக்கையில் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். இந்தப் பத்து மாதத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை, என்னைக் குத்திக்காட்டியதில்லை. ஞாபகம் இல்லையோ, இல்லை மன்னித்துவிட்டாளோ, எனக்குத் தெரியாது, கேட்கப் பயம். இப்போது நான் போய், ஓய்வு கொடுக்கிறேன் என்று உன் செடியையும் நான்தான் கொன்றேன் என்று சொன்னால், அவள் அந்தக் காலையையும் சேர்த்துத்தானே நினைப்பாள். நாற்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அவள் என்னை அந்தக் கண்ணால் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. அதனால்தான்

திங்கட்கிழமை, காலை எட்டு மணி

பாப்பா, சனிக்கிழமை மேலே அந்த வரியைப் பாதியில் விட்டது பிசியோதெரபி பெண் வந்து மணி அடித்ததால். தாளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனேன். மூன்று வாரமாக அம்மா அவளை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள், அன்று அந்தப் பெண் விடவில்லை, போர்வையை விலக்கிக் கையை எடுத்துப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. மெதுவாகத்தான் நிமிர்த்தினாள், அம்மாவுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, சார் நல்லா இருந்த கை சார் இது, பூவுக்கெல்லாம் பிரஷ் பிடிச்சாங்களே, ஒரு வருஷத்துக்குள்ள வர்ற மாதிரி அப்புறம் வராது, இன்னும் ரெண்டு வாரம் இப்படியே வெச்சிருந்தாங்கன்னா விரல் இப்படியே இறுகிடும், என்ன ஆச்சு இவங்களுக்கு என்று கேட்டாள். அவளை அனுப்பிவைத்தேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். உன் பொய் வந்து சேருகிற வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் என் மானத்தைக் காப்பாற்ற அவள் கையை இறுக விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில் மண்டையில் அடித்தது. நேரே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ சொட்டு ஜாஸ்தி விடல, உன் கை ஒரு தப்பும் பண்ணல, நான்தான் மோட்டாரை நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எப்பலேர்ந்து என்று கேட்டாள். வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து என்றேன். எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் என்றாள். ஒண்ணுலேர்ந்து நாலு, சில நாள் ஆறு என்றேன். நான் கேட்டப்போ இருக்கலாம்னு சொன்னீங்களே என்றாள். சொன்னேன் என்றேன். அவள் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். அன்னைக்கு ஏழே முக்காலுக்கு ஸ்பூன் விழுந்துச்சு, ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு, அஞ்சேகால் மணி நேரம், நான் தூங்கலை, எதிர்ல இருந்த கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டே கிடந்தேன், உங்களைக் கூப்பிடணும்னு எவ்வளவோ பாத்தேன், நாக்கு எழும்பலை, நீங்க வெளியில விசிறியைத் துடைச்சுக்கிட்டு பாட்டு முணுமுணுக்கறது கேட்டுச்சு என்று சொன்னாள்.

நான் பாட்டு முணுமுணுத்தது எனக்கு ஞாபகமே இல்லை பாப்பா. அவளுக்குப் பத்து மாதமாக ஞாபகம் இருக்கிறது. அதே கடிகாரத்துக்குக் கீழேதான் ஆரம்பத்தில் தினமும் அவளுக்குச் சாப்பாடு ஊட்டினேன். வந்தவர்களிடம் எல்லாம் நான் அளந்த கதையைப் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், சொல்லிட்டுப் போங்க, உங்களுக்கும் ஒரு முகம் வேணுமேன்னு விட்டேன் என்றாள். மன்னிச்சுடு என்று ஆரம்பித்தேன். அதை அப்புறம் பாக்கலாம், மொதல்ல மூடியைத் திறங்க என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தள்ளி எழுந்தாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வேரைப் பார்த்தாள், மூக்கைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. நீ எழுதிய நாலாம் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். அதில் வேர் அழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பத்தியே எழுதியிருக்கிறாய், நான் இந்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, திருடனுக்கு எங்கே படிக்க மனசு வரும். சின்னக் கத்தரிக்கோலைக் கேட்டாள், இடது கையில் கொடுத்தேன், அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். மடங்கின விரலை இடது கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து வளையத்துக்குள் நுழைத்தாள், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழுப்பான வேரையெல்லாம் வெட்டினாள். கத்தரிக்கோல் மூன்று தடவை கீழே விழுந்தது. முதல் தடவை நான் குனிந்தேன், எடுக்காதீங்க என்றாள், அப்புறம் நான் குனியவில்லை. நோஞ்சானும் வாயாடியும் தேறாது என்று எடுத்துப் போட்டுவிட்டாள். குண்டுவுக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை வேர் மிஞ்சியிருந்தது. தொட்டியை நான் கழுவினேன், கிருமி மருந்தை நீ எழுதிய அளவுக்குத் தண்ணீரில் கலந்து அவள் ஊற்றினாள், புதுத் தண்ணீர் பிடித்து, ஏ புட்டி முதலில், நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் பி, சொட்டுச் சொட்டாக வாய்விட்டு எண்ணினாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக எண்ணினாள் போலிருந்தது. ஒரு சொட்டுகூடத் தப்பவில்லை. எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. தொட்டியை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னாள், சத்தம் இருக்குமே என்று என் வாய் பழக்கதோஷத்தில் சொல்லப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குண்டு பிழைப்பாளா என்று இன்னும் தெரியாது. இலை நேற்றும் தொங்கித்தான் இருந்தது, அம்மா கீழ் இலைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டு, வெயில் படாமல் தொட்டியைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருக்கிறாள். போனாலும் போகட்டும், இன்னும் ஒன்பது விதை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், என்னிடம் இல்லை. என்னிடம் அவள் சனிக்கிழமையிலிருந்து பேசுவதில்லை. அதைத் திறங்க, இதைக் கொண்டாங்க, கதவைச் சாத்தாதீங்க, இவ்வளவுதான். முன்னெல்லாம் கோபம் என்றால் என்னைக் கிண்டல் பண்ணியே ஒரு வழி பண்ணிவிடுவாள், இப்போது அதுகூட இல்லை. வீடு முழுக்க மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. ஒன்றே ஒன்று சொன்னாள், நேற்று சாயங்காலம். காய்கறிப் பட்டியல் எழுதி முடிச்சாச்சா என்று கேட்டாள். நான் விழித்தேன். பாப்பாவுக்குத்தானே எழுதறீங்க, எழுதுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க, அந்த அஞ்சேகால் மணி நேரத்தையும் எழுதுங்க என்றாள். அதனால்தான் சனிக்கிழமை எழுதிய தாளைக் கிழிக்காமல், நான் கேட்ட அந்தப் பொய்யோடு சேர்த்து, அப்படியே அனுப்புகிறேன்.

நீ இதைப் படித்ததும் எனக்காக அம்மாவிடம் பேசாதே. அப்பா பாவம்மா, வயசாச்சும்மா என்று ஆரம்பிக்காதே, அவள் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு, உன்னைத் தூது விட எனக்கு யோக்கியதை இல்லை. நீயும் என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, போனை எடுக்காமல் இருந்தாலும் சரி, ஆனால் அவளோடு பேசாமல் இருக்காதே. கையைக் காட்டச் சொல். தினமும் காட்டச் சொல். இன்று காலையில் பல் துலக்க வலது கையில் பிரஷ்ஷை எடுத்தாள், பாதி நுரை கன்னத்தில், நான் துண்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை பாப்பா, ஆனால் அந்த விரல் இரண்டும் நேற்றைவிட இன்று கொஞ்சம் நிமிர்ந்திருக்கின்றன, நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்.

கடை திறந்திருக்கும், இதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் கூசாமல் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு, என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருந்தால். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது உனக்குக் கையோ காலோ மரத்துப்போனால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், பேச்சுக் குழறினால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு. கொஞ்சம் படுத்துக்கோ, சரியாயிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நானே போனில் சொன்னாலும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா